பத்து ஆம்பியர் ஞாயிறுகள்

பிரபு,

உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள், நீ கார் நிறுத்துகிற இடத்திலேயே சார்ஜர் பெட்டி மாட்டியாகிவிட்டது என்று போனில் சொன்னாய். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. "நல்லதுடா" என்றேன். "இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மேடவாக்கத்துலேர்ந்து மந்தைவெளிக்கு வந்து உங்களைத் தொல்லை பண்ண வேணாம்ப்பா" என்றாய். அதற்கும் "நல்லது" என்றேன். கடைசியாக ஒரு கேள்வி கேட்டாய். "எவ்ளோ ஆம்பியர்ல வைக்கட்டும்ப்பா? அங்க மாதிரியே பத்துலயே வைக்கட்டுமா? உங்களுக்குத்தான் மீட்டர் கணக்கெல்லாம் அத்துப்படி." வாசலில் கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சிலிண்டர் எதுவும் வரவில்லை. 

போனில் பேசினால் பாதியிலேயே "சரி, வச்சிடறேன்" என்று சொல்லிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். ஒரு ஆம்பியருக்கு மாமா இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறாரே என்று தீபா சிரிப்பாள். சிரிக்கட்டும். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப்புடவைப் பிரிவில் முப்பது சொச்சம் வருஷம் நின்றவன் நான். ஒரு புடவை கேட்டு வந்தவர்களுக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக் காட்டி எனக்குப் பழக்கமில்லை.

முதலில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கார் வாங்கிய புதிதில், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பேசுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, எல்லோரும் படுத்த பிறகுதான் சார்ஜ் ஏற வேண்டும் என்று செட் பண்ணி வைத்தாய். ராத்திரி கரண்ட் விலை குறைவாம். அம்மா அப்போது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "ராத்திரி ஆனா குறைச்சு குடுக்கறதுக்கு அது என்ன கடை மூடற நேரத்துக் கத்திரிக்காயா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய், ஆனால் மாற்றவில்லை. அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கணக்கு அந்த ஊருக்கு. நம் ஊரில் வீட்டு மீட்டருக்கு இன்றைய தேதி வரைக்கும் பகல் என்றும் இரவு என்றும் இரண்டு விலை கிடையாது. மத்தியானம் ஏற்றினாலும் நடுச்சாமத்தில் ஏற்றினாலும் ஒரு யூனிட் ஒரு யூனிட்தான். இங்கே பார்க்க வேண்டியது இரண்டு மாதத்தில் மொத்தம் எத்தனை யூனிட் ஓடியது என்பதை. ஆரம்பத்தில் கொஞ்சம் இலவசம், அப்புறம் படிப்படியாக ஏறும். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டினதற்கு மட்டும் அதிகம் என்று நினைத்துக்கொள்ளாதே, கீழே இருக்கிற யூனிட்டுகளிலும் ஒரு பங்குக்கு விலை மாறிவிடும். ரீடிங் எடுக்க வருகிறவர் சில நாள் தாமதமாக வந்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோமே என்று தெருவில் பாதிப் பேர் புலம்புவதை நீ கேட்டிருப்பாய். உங்கள் வீட்டில் இரண்டு ஏசி. காருக்கான யூனிட் எப்போதும் அதற்கு மேலே போய்த்தான் உட்காரும், அதாவது இருப்பதிலேயே விலை அதிகமான படியில். ரீடிங் நெருங்குகிற நாட்களில் மீட்டர் கோட்டுக்கு அருகில் நின்றால், ஊருக்குப் போகிற அவசரம் இல்லாதபோது, ரீடிங் எடுத்த பிறகு சார்ஜ் போடு. அந்த எண்பது சதவீதத்தில் நிறுத்துகிற செட்டிங் பேட்டரிக்கு நல்லது என்று வை, பில்லுக்கு நல்லது என்று நினைக்காதே. இன்று ஏற்றாததை நாளைக்கு ஏற்றத்தான் போகிறாய்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டதில்லை. கடையில் நின்றவனுக்கு ஆம்பியர் எதற்கு? நான் மீட்டரைப் பார்க்க ஆரம்பித்ததே அம்மா போன அன்றைக்குத்தான். அதை உனக்குச் சொல்ல வேண்டும். அதைப் பற்றி நீ இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் நான் சரியான பதில் சொல்லவில்லை.

அந்தக் காரை நீ வாங்கியதே அவளுக்காக. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆட்டோவில் போனால் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட பள்ளம் ஒவ்வொன்றிலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். நீ வேலைக்கு மத்தியில் அலைந்து, கடன் போட்டு, சத்தமில்லாத ஒரு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய். உங்கள் அபார்ட்மென்டில் சார்ஜர் மாட்ட அப்போது விடவில்லை என்பதால் பெட்டியை நம் வீட்டு வாசல் சுவரில் மாட்டினாய். நீயும் தீபாவும் அந்த மாதங்களெல்லாம் இங்கேயே இருந்தீர்கள். வண்டியில் முதல் தடவை உட்கார்ந்துவிட்டு அம்மா, "கிளம்பிட்டோமா?" என்று கேட்டாள். அப்போது நாம் லஸ் கார்னரைத் தாண்டியிருந்தோம். அந்தக் கார் செய்த வேலைக்கு அந்த ஒரு கேள்வி போதும் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அவள் போன அன்று உன் மாமா மும்பையிலிருந்து வர வேண்டியிருந்தது. அதுவரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். பெட்டி கொண்டுவந்தவர் கூடத்துப் பிளக்கில் சொருகிவிட்டு, என் தோளைத் தொட்டு, "லைன் கட்டாவாம பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள், ஏதேதோ சொன்னார்கள். நான் தலையாட்டினேன். நாற்காலி போதுமா என்று கேட்டேன். காபி சொல்லிவிட்டேன். அப்புறம் வாசலில் மீட்டர் போர்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். கரண்ட் அதிகமாக இழுத்தால் வேகவேகமாக எரியும். நீ வந்து, "என்னப்பா பாத்துட்டு நிக்கறீங்க?" என்று கேட்டாய். "வேகமா ஓடுதுடா" என்றேன். உன் முகம் மாறியது. "இப்ப இதுவாப்பா முக்கியம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். பில் எகிறுமே என்று அப்பா கவலைப்படுகிறார் என்று நினைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அன்றைக்கு நான் அழவில்லை. பதினாறாம் நாளிலும் அழவில்லை. உன் அத்தை அதை நாலு பேரிடம் சொல்லிக்காட்டியது என் காதுக்கு வந்தது. நான் மனதைக் கல்லாக்கிக்கொள்ளவில்லை பிரபு, அப்படி வீரமெல்லாம் எனக்கு ஏது. கடையில் தீபாவளி சமயத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு பஸ்ஸில் உட்காரும்போது முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியாது. கிள்ளினால்கூடத் தெரியாது. அது மாதிரி ஆகிவிட்டது எனக்கு, முழு ஆளாக. வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லலாம். ஒன்றுமே தெரியாததை எப்படிச் சொல்வது? சாம்பாரில் உப்பு இல்லை என்று நீ சொன்ன பிறகுதான் உப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதுவரை நான் இரண்டு கரண்டி சாப்பிட்டிருப்பேன்.

நீங்கள் இருவரும் மேடவாக்கத்துக்குத் திரும்பிப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வர ஆரம்பித்தாய். சார்ஜர் பெட்டி இங்கேதானே இருந்தது. காலை டிபன் முடித்துவிட்டு வருவாய், வண்டியைச் சொருகுவாய், முப்பத்திரண்டு ஆம்பியரில் அது கடகடவென்று ஏறும், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். சோபாவில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் எழுந்து, "தீபா சமைச்சிருப்பாப்பா" என்பாய். நான் "பார்த்துப் போ" என்பேன். நீ போன பிறகு நான் மட்டும் தட்டை எடுத்து வைத்துக்கொள்வேன். நீ இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, உண்மையைச் சொல்கிறேன். எதுவும் தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

அப்புறம் ஒரு ஞாயிறு பெட்டியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது, நினைவிருக்கிறதா. அந்த வாரம் சைதாப்பேட்டையிலிருந்து எலக்ட்ரீஷியன் ரஃபியைக் கூப்பிட்டேன். போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், வயரு அப்படியே உருகிக்கினு கீது. முப்பத்திரெண்டு இது தாங்காது. நான் தடியா மொத்த வயரு வாங்கியாந்து மாத்துற வரிக்கும் பதினாறுலயே ஓட்டுங்க" என்றார். பெட்டியின் பக்கத்தில் இருக்கிற பட்டனை எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினார். ஒரு அழுத்து அழுத்தினால் பதினாறு, இன்னொரு அழுத்துக்குப் பத்து, மறுபடி அழுத்தினால் முப்பத்திரண்டு. அடுத்த ஞாயிறு நீ வந்தபோது வண்டி பதினாறில் ஏறியது. சாப்பாட்டு நேரம் வந்தது, வண்டி பாதிதான் நிறைந்திருந்தது. வேறு வழியில்லாமல் நீ இங்கே சாப்பிட்டாய். தெருமுனை மெஸ்ஸில் இரண்டு சாப்பாடு வாங்கினோம். பொரியல் உருளைக்கிழங்கா சேப்பங்கிழங்கா என்று நாம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விவாதம் பண்ணினோம். அப்புறம் நீ அம்மாவின் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டாய். நான் கூடத்தில் பேப்பர் படித்தேன். உள்ளே ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் மிகைதான். ஆனால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

ரஃபி அந்த வாரமே வந்து வயரை மாற்றிவிட்டார். "இனிமே முப்பத்திரெண்டு வெச்சிக்கலாம் சார், தைரியமா" என்றார். நான் வைக்கவில்லை. உன்னிடம் வயர் மாற்றியதைச் சொன்னேன், பட்டனைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று நீயாகவே கேட்டபோது, "மெதுவாப் போட்டா யூனிட் கம்மியா ஓடுதுடா, நான் பாத்துட்டேன்" என்றேன். அந்தத் தடவை பில்லும் குறைவாக வந்திருந்ததால் சொல்வதற்கு வசதியாக இருந்தது. பில் குறைந்ததற்குக் காரணம் வேறு. "அப்படியா? சரிப்பா" என்று மட்டும் சொன்னாய்.

பட்டுப்பிரிவில் ஒரு வித்தை உண்டு. வந்தவர்கள் போதும் என்று கைப்பையை எடுக்கிற நேரத்தில் இருங்கள் என்று சொல்லக்கூடாது. சொன்னால் கட்டாயம் எழுந்துவிடுவார்கள். பேசாமல் இன்னொரு புடவையை எடுத்து விரித்து, முந்தானையை அவர்கள் மடியில் விட்டுவிட வேண்டும். மடியில் பட்டு இருக்கிறவர் சட்டென்று எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் புடவை தரையில் விழும், கசங்கும். அந்த மரியாதைக்காகவே இன்னும் கொஞ்சம் உட்கார்வார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடமும் நான் அதையே செய்கிறேன் என்று அம்மா கிண்டல் பண்ணுவாள். கிளம்புகிறவர்களிடம் புதிதாக ஒரு பேச்சை எடுத்துவிடுவேனாம். "போறவங்களைப் போக விடுங்களேன். அவங்களுக்கும் வீடு வாசல் இல்லையா?" என்பாள். அவள் இருந்திருந்தால் அந்தப் பட்டனைப் போய் அவளே முப்பத்திரண்டுக்கு மாற்றியிருப்பாள்.

அவள் இல்லை. நான் ஒரு ஞாயிறு காலை, நீ வருவதற்கு முன்னால் போய், அதைப் பத்துக்கு இறக்கினேன்.

பத்து ஆம்பியரில் நாள் முழுக்க ஓடியது. மத்தியானச் சாப்பாடு போய், சாயங்காலக் காபியும் பஜ்ஜியும் போய், தெருவிளக்கு போட்ட பிறகுதான் நீ கிளம்புவாய். என்ன பேசினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. கிரிக்கெட் பார்த்தோம். பரண்மேல் இருந்த அம்மாவின் மருந்துப் பைகளையெல்லாம் ஒரு நாள் நீயே இறக்கிக் குப்பையில் போட்டாய், நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. இன்னொரு நாள் உன் ஆபீஸில் ஒருவன் உன்னைப் போட்டுப் படுத்துகிறான் என்று வெகுநேரம் சொன்னாய். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நீ என்னிடம் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் உள்ளே உட்கார்ந்தபடியே போனில் ஏதோ தட்டுவாய், வெளியே நிற்கிற வண்டிக்குள் ஏசி ஓட ஆரம்பிக்கும். வயர் சொருகியிருக்கும்போது போட்டால் வண்டி பேட்டரியிலிருந்து போகாதுப்பா என்று விளக்கினாய். சரிதான், நம் மீட்டரிலிருந்து போகும். சிவப்பு விளக்கு வேகமாக எரிவதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெதுவாகப் போட்டால் யூனிட் குறையாது. மீட்டரைப் பார்த்தே கண்டுபிடித்தேன், நிறைகிற அளவு அதேதான், ஆனால் பத்தில் வைத்தால் ஒன்றிரண்டு யூனிட் கூடத்தான் ஓடியது. ஏறுகிற நேரம் முழுக்க வண்டிக்குள் இருக்கிற கருவிகள் விழித்துக்கொண்டிருக்க வேண்டுமே, அதற்கும் கரண்ட் வேண்டும். மூன்று மணி நேரம் விழிப்பதும் பகல் முழுக்க விழிப்பதும் ஒன்றாகுமா? ஆக, நான் உனக்குச் சொன்ன கணக்கு தலைகீழ்.

அப்படியென்றால் பில் எப்படிக் குறைந்தது? கோடை வருவதற்கு முன்னால் நீ ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "ஐந்நூறு தாண்டிச்சுன்னா இங்க போடறதுல அர்த்தமே இல்லப்பா, பேசாம மால்ல இருக்கற சார்ஜர்லயே போட்டுக்கலாம்" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் அன்றிலிருந்து ஏசியைப் போடவில்லை. கத்திரி வெயிலிலும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீ வருவதற்கு முன் அறையைக் குளிர வைத்துவிடுவேன். மற்ற நாளில் ஈரத்துண்டு, மின்விசிறி. இதைத் தியாகம் என்று நினைத்துக் கண்கலங்காதே, எனக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. உப்பு தெரியாதவனுக்கு வெயில் மட்டும் தெரியுமா. நான் கவனமாக இருந்தது ஒன்றில்தான். மீட்டர் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீ மாலுக்குப் போய்விடுவாய். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் மீட்டர் போர்டைப் போய்ப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. காலையில் எழுந்திருக்க எனக்கு அப்படி ஒரு காரணமாவது இருந்தது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு சாயங்காலம், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நீ கேட்டாய். "அன்னிக்கு ஏன்ப்பா மீட்டரையே பாத்துட்டு நின்னீங்க? அம்மா பக்கத்துல வந்து உக்காரவே இல்லையே." குரலில் கோபம் இல்லை. கேட்க நினைத்து வெகுநாள் வைத்திருந்த கேள்வி என்று தெரிந்தது. நான், "சும்மாதாண்டா" என்றேன். பஜ்ஜி ஆறிப்போகிறது என்றேன். அதற்கான பதில் இப்போது. அந்த ஃப்ரீசர் பெட்டி ஓடாமல் நின்றால் அவளுக்கு ஏதோ ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆக வேண்டியது எல்லாம் ஆகிவிட்டது என்பது எனக்குத் தெரியும், இருந்தும் நினைத்தேன். உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்த்தால் அது அசையாது. அந்தச் சிவப்பு விளக்கு அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நான் அவளுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று இருந்தது. பில்லைப் பற்றி நான் ஒரு நொடியும் நினைக்கவில்லை பிரபு. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அவ்வளவு மாதம் அதைச் சுமந்திருக்க மாட்டாய். சொல்லத் தெரியவில்லை.

போனில் நீ கேட்ட ஆம்பியர் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னால் இவ்வளவும் வெளியே வந்துவிடும் என்பதால்தான் அன்றைக்குச் சிலிண்டர் வந்தது. பொய்யையே தொடர்ந்து, "பத்துலயே வை" என்று சொல்லிவிடலாம். சொன்னால் நீ உன் வீட்டில் தேவையில்லாமல் பகல் முழுக்க வண்டியைக் கட்டிப்போட்டுவிட்டு, கூடுதல் யூனிட்டும் கட்டுவாய், அதுவும் விலை அதிகமான படியில். "முப்பத்திரெண்டுல வை" என்றால், அப்படியென்றால் இங்கே ஏன் பத்து என்று கேட்பாய். இரண்டு நாள் இப்படியே ஓட்டினேன்.

நேற்று தீபா போன் பண்ணினாள். அம்மாவின் வருஷத் திதிக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். வைக்கப்போகிற நேரத்தில், நேராக உன்னிடம் சொல்லத் துணிவில்லாமல், அவளிடம் சொன்னேன். "பிரபு கிட்ட முப்பத்திரெண்டுலயே வைக்கச் சொல்லும்மா. பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தணும்."

"பட்டனெல்லாம் வேணாம் மாமா. அவர் போன்லயே மாத்திடுவாரு. உங்க வீட்டுப் பெட்டியே அவர் போன்லதானே இருக்கு."

"இங்க இருக்கறதாம்மா?"

"ஆமா மாமா. எவ்ளோ ஆம்பியர்ல ஓடுது, எத்தனை மணிக்கு முடியும், எல்லாம் காட்டும். ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு அவசரமா வடபழனில ஒரு கல்யாணத்துக்குப் போகணும். ஏன் பத்துல ஓட்டிட்டிருக்கீங்க, முப்பத்திரெண்டுக்கு ஏத்திட்டு சீக்கிரம் வண்டிய எடுத்துட்டு வாங்கன்னேன். 'அப்பா பத்துல வச்சிருக்காரு, அப்படியே இருக்கட்டும், நீ ஆட்டோல போயிடு'ன்னுட்டாரு. எனக்குக் கோவம்கூட வந்துது மாமா, பட்டுப்புடவையோட ஆட்டோல போனேன்."

"எப்பம்மா இது?"

"அது ஆச்சு, வெயில் காலத்துல. ஏன் மாமா?"

ஒன்றுமில்லை என்றேன். மஞ்சள் கிழங்கு மறந்துவிடாதே என்றேன். போனை வைத்தேன். வெயில் காலத்திலேயே உனக்குத் தெரியும். அதற்கு முன்னாலும் தெரிந்திருக்கும், முதல் ஞாயிறே தெரிந்திருக்கும். இருந்த இடத்திலிருந்து ஒரு விரலால் மாற்றிவிட்டுச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து போயிருக்கலாம். நான் அவிழ்த்துவிட்ட கதைக்கு "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, தெருவிளக்கு போடுகிற வரை உட்கார்ந்திருந்திருக்கிறாய். முப்பது வருஷம் எத்தனையோ பேர் மடியில் முந்தானையை விரித்திருக்கிறேன். விரிக்கிறான் என்று தெரிந்தே யாரும் எனக்காக உட்கார்ந்ததில்லை.

கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து அழுதேன் பிரபு. நன்றாகச் சத்தம் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்கு. "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "என் சம்சாரம் போயிட்டா சார்" என்றேன்.  அது ஆகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, அவரும்தான் சுடுகாட்டுக்கு வந்தார். ஆனாலும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் நானே காபி போட்டுக்கொண்டேன். சர்க்கரை அதிகமாக இருந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் முப்பத்திரண்டிலேயே வை. வயர் மொத்தமானதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள். சீக்கிரம் ஏறட்டும், ஒன்றிரண்டு யூனிட் மிச்சமாகட்டும், நீயும் தீபாவும் எங்கே போக வேண்டுமோ போங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. அவளையும் கூட்டிக்கொண்டு வா. வண்டி முழுசாக நிறைந்திருந்தாலும் பரவாயில்லை, சொருகிவிட்டு உள்ளே வா. இங்கே பத்திலேயே இருக்கட்டும்.